எட்டு நிமிட நோயாளி

ஓசூரில் ரப்பர் வாஷர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு வாஷராகத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளிம்பில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அது சிவப்பு டப்பாவுக்குப் போகும். பெட்டி நிறைந்ததும் மேலே ஒட்டும் சீட்டில் என் கையெழுத்து. அதற்குப் பிறகு அந்த வேலையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று வந்தது. எங்களைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்று பெட்டி கட்ட என் கழுத்து இடம் கொடுக்கவில்லை. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். மாவு வாங்க வந்தவர்களில் ஒருவர் பக்கத்துத் தெருவில் குடியிருந்த மேடம். மதுரைப் பக்கத்துக்காரர். சூளகிரி போகும் ஹைவே மேல் இருக்கும் ஒரு பார்மசி காலேஜில் பாடம் எடுக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் எதிர்வீட்டு அம்மாவிடம் மாவு வாங்கிப்போய்த் திருப்பித் தராத பாத்திரத்தைத் தெலுங்கில் கேட்டுவிட்டு, பூக்காரியிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எவ்ளோ மேடம்?" என்று தமிழில் கேட்டேன்.

அவர் மாவை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு மூணு பாஷையும் வருமா?"

"வீட்ல தெலுங்கு மேடம். படிச்சது தமிழு. கன்னடம் கம்பெனில பக்கத்துல ஒக்காந்திருந்தவகிட்ட கத்துகினது."

"எங்க காலேஜுக்கு வந்து நோயாளியா உட்காருவீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பார்மசி படிக்கும் பிள்ளைகளுக்கு மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் மருந்து வாங்க வருகிற மனிதரிடம் எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது என்று பரீட்சைத் தாளில் சோதிக்க முடியாது. நிஜமான நோயாளியை வைத்துப் பரீட்சை நடத்துவதும் சரியில்லை. அதனால் ஒரு ஆளை நோயாளி மாதிரி தயார் செய்து உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு மாணவரும் வந்து அந்த ஆளோடு எட்டு நிமிடம் பேச வேண்டும். எல்லோருக்கும் அதே ஆள், அதே வியாதி, அதே பதில்கள். காலேஜில் அந்த ஆளை 'ஸ்டாண்டர்டைஸ்டு பேஷண்ட்', சுருக்கமாக எஸ்.பி. என்று சொல்வார்கள்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லேத் பட்டறையில் ஃபிட்டர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "நம்ம வீட்லயே ஒரு எஸ்.பி.! இனிமே பைக்க தைரியமா நோ பார்க்கிங்ல நிறுத்தலாம்."

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் போனேன். ஒரு நாள் கூலியும் மதியச் சாப்பாடும் உண்டு என்பது ஒரு காரணம். வீட்டை விட்டுக் காலையில் பஸ் ஏறிப் பத்து மாதம் ஆகியிருந்தது என்பது இன்னொன்று.

இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். என்னிடம் இரண்டு பக்கம் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார் மேடம். அதில் எனக்கு வேறு பெயர், வேறு ஊர். வயது ஐம்பது. இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது அந்த மாத்திரை தீர்ந்துபோய் வாங்க வந்திருக்கிறேன். கொஞ்ச நாளாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. கடைசிப் பத்தியில், கட்டம் போட்டு, நானாகச் சொல்லக் கூடாதது இருந்தது. முட்டி வலிக்கு டீக்கடை பக்கத்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு இது சேர்ந்தால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம். மாணவர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.

முதல் ஒத்திகையில் உட்கார்ந்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேக்காமலே ஏன் சொல்றீங்க?"

"ஒடம்பு சரியில்லாதவ எல்லாத்தையும் சொல்லத்தானே மேடம் வருவா?"

"நெனச்சுப் பாருங்க. உங்க கம்பெனில வலி மாத்திரை போடுறவங்க, டாக்டர்கிட்ட போனா அதைச் சொல்வாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் செக்‌ஷனில் மத்தியானம் டீயோடு வலி மாத்திரை போடாத பெண்கள் குறைவு. கைப்பையில் சீப்பு, பொட்டு அட்டை, மாத்திரை அட்டை என்று சேர்ந்தே கிடக்கும். கம்பெனி டாக்டர் "ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டால் எல்லோரும் "இல்ல சார்" என்போம். பொய் சொன்னதில்லை. அதை ஒரு மருந்து என்று நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. அவ்வளவுதான்.

"நடிக்க வேணாம். அப்படி ஒருத்தியா இருங்க, போதும்" என்றார் மேடம்.

இன்னொரு பொறுப்பும் எனக்கு இருந்தது. ஒவ்வொரு மாணவரும் வெளியே போனதும் ஒரு படிவத்தில் நான் டிக் போட வேண்டும். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாரா, நான் சொன்னதைக் கவனித்தாரா, வேறு மாத்திரை பற்றிக் கேட்டாரா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று விழுந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தச் சோதனையில் தோல்விதான். உயிர் போகிற விஷயம் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். அறையில் ஆசிரியர் யாரும் இருக்க மாட்டார்கள், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று. மூலையில் ஒரு சின்னக் கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தகராறு வந்தால்தான் அதைப் பார்ப்பார்கள்.

பரீட்சை நாளில் ஒரு வகுப்பறையை மெடிக்கல் ஷாப் மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஒரு மேஜை, அதன் மேல் காலி மருந்துப் பெட்டிகள், எனக்கும் மாணவருக்கும் எதிரெதிரே நாற்காலி. ஆரம்பிக்க ஒரு மணி. ஆறாவது நிமிடத்தில் ஒரு மணி. எட்டாவது நிமிடத்தில் நீளமாக ஒரு மணி.

காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினார்கள். சிலர் கீரை சாப்பிடுவதைப் பற்றி ஐந்து நிமிடம் பாடம் நடத்தினார்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாதாம், அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்து அடிபட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று மூன்று முறை சொன்னாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டவர்களும் இருந்தார்கள், கேட்காதவர்களும் இருந்தார்கள். கேட்காதவர்கள் வெளியே போனதும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடும்போது கை கொஞ்சம் கனக்கும். ஆனால் போட்டேன்.

மதியம் ஒன்றரை மணி இருக்கும். சாப்பாட்டுக்கு முன் இன்னும் இரண்டு பேர் பாக்கி. அப்போது ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, அளவு பெரிதான வெள்ளைக் கோட்டுக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தாள். தளிக்கு அந்தப் பக்கம் ஜவளகிரிக்காரப் பெண் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். பெயரைச் சொன்னாள். என் பெயரையும் வயதையும் கேட்டாள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். திடீரென்று நின்றுவிட்டாள்.

மனப்பாடம் செய்த வரிசை அறுந்துபோனது அவள் முகத்தில் தெரிந்தது. பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். வெளியே யாரோ நடந்துபோகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். தன்னை அறியாமல் கன்னடத்தில், "ஊட்டா ஆய்த்தா அம்மா?" என்றாள்.

சாப்பிட்டாயிற்றா என்று அன்றைக்கு என்னை வேறு யாருமே கேட்கவில்லை. தாளில் அதற்குப் பதிலும் இல்லை. "இன்னும் இல்லமா" என்றேன், கன்னடத்திலேயே. அவள் தலையாட்டினாள். மறுபடியும் பேச்சில்லை. ஆறாவது நிமிட மணி அடித்தது. அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. அது கன்னத்தில் இறங்கிவிடக் கூடாதே என்று அவள் தலையைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"முட்டி வலி வேற உயிர எடுக்குதும்மா. அதுக்குக் கடைல மாத்திரை வாங்கிப் போட்டுகினு இருக்கறேன்" என்றேன்.

அவள் சட்டென்று பேனாவை எடுத்தாள். அதற்குப் பிறகு வேறு ஆள். என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று கேட்டாள். ஈறில் ரத்தம் வருவதை அதோடு சேர்த்துப் புரிந்துகொண்டாள். அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னாள். இன்றைக்கே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், டாக்டரிடம் முட்டி வலியைச் சொன்னால் இதோடு ஒத்துப்போகிற வேறு மருந்து தருவார் என்றாள். அவ்வளவு நிதானமாக, எனக்கு விளங்குகிற மாதிரி, காலையிலிருந்து யாரும் சொல்லவில்லை. நீள மணி அடித்தது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

படிவம் முன்னால் இருந்தது. வேறு மாத்திரை பற்றிக் கேட்டாரா? ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்து வந்தவன் உயரமான மாணவன். கதவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். மாத்திரை எப்படி வேலை செய்கிறது, கல்லீரல் என்ன செய்கிறது, ரத்தப் பரிசோதனை எதற்கு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். வேறு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுக்கு 'இல்லை' போட்டுவிட்டு, சாம்பார் சாதம் சாப்பிடப் போனேன். மனசு லேசாகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம், மேடம் வீட்டுக்கு வந்தார். பாத்திரம் கொண்டுவரவில்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனார். மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"ரிசல்ட் ஒட்டினோம். அந்த உயரமான பையன் கேக்காமலே விட்டிருக்கான், ஃபெயில். அவன் தனக்கு முன்னாடி வந்த பொண்ணுகிட்ட போய், 'நீ எப்படி அதைக் கேட்ட?'ன்னு கேட்டிருக்கான். அவ உள்ளதைச் சொல்லியிருக்கா, 'நான் கேக்கல, அவங்களே சொன்னாங்க'ன்னு. அவன் புகார் எழுதிக் கொடுத்திருக்கான். வீடியோ இருக்கு. நான் இன்னும் பாக்கல. நீங்களே சொல்லுங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அவ கேக்கல மேடம். நாந்தான் சொன்னேன்."

"டிக்?"

"அதையும் நாந்தான் போட்டேன். அழுதுடுவா போல இருந்துச்சு. சாப்ட்டீங்களானு கேட்டா மேடம்."

"அந்தப் பையனுக்கு ஏன் சொல்லல?"

"அவன் என் மூஞ்சியக்கூடப் பாக்கல."

"அவனும் பயந்துதான்மா இருந்தான். பயம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. இவளுக்கு வாய் அடைச்சுப்போச்சு. அவனுக்கு வாய் ஓயல. உங்களுக்கு ஒரு பயத்தப் பாத்தா பாவமா இருந்துச்சு, இன்னொண்ணப் பாத்தா திமிரா தெரிஞ்சுது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. இரண்டு பேருக்கும் மறுபடி சோதனை வைக்கப்போவதாகவும், அதில் வேறு நோயாளி உட்காருவார் என்றும் சொன்னார். காபியைக் குடித்துவிட்டு எழுந்தபோது நான் கேட்டேன்.

"அவங்ககிட்ட நானே சொல்லட்டுமா மேடம்?"

"நாளைக்கு வாங்க" என்றார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேலி எதுவும் செய்யவில்லை. "பதினேழு வருஷத்துல கீறல் உள்ள ஒரு பீஸக்கூட உட்டதில்ல நீ" என்று மட்டும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது குத்தியது. வாஷர் அழாது. அதனால்தான் விடவில்லையோ என்னவோ.

மறுநாள் காலேஜில், லேப் வாசலில் முதலில் அந்த மாணவனைப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவன் வயதில் இவ்வளவு மூத்த ஒருத்தி தன்னிடம் மன்னிப்புக் கேட்பதில் கூசிப்போனான்.

"பரவால்ல ஆன்ட்டி. எப்படி இருந்தாலும் எனக்கு அதைக் கேக்கவே தோணல. எங்கப்பா பாரூர்ல கரும்பு வெட்ற நாள்ல தெனம் அந்த வலி மாத்திரைதான் போடறாரு. அவரையே நான் கேட்டதில்ல." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "ஆனா அவளுக்கு மட்டும் சொன்னதுதான் கஷ்டமா இருந்துச்சு."

அந்தப் பெண்ணை கேண்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் பார்த்தேன். அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டை எல்லாம் எடுத்துப்போயிருந்தேன். அவள் அழவில்லை. கோபத்தில் அவள் தமிழும் கன்னடமும் கலந்து வந்தன.

"உங்கள யாரு சொல்லச் சொன்னாங்க?"

"நீ கஷ்டப்பட்டதப் பாத்து மனசு தாங்கலமா."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சில்ல? மறந்துபோனத நான் யோசிச்சிகினு இருந்தேன். நெனப்பு வந்திருக்கும். நான் கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன்!" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "இப்ப அதுகூட எனக்குத் தெரியாமப் போச்சு. கிளாஸ்ல எல்லாரும் நீங்க எனக்குச் சொந்தம்னு சொல்றாங்க. காட்டுப் பக்கத்துப் பொண்ணு, பாவம், அதான் சொல்லிக் குடுத்துட்டாங்கனு சொல்றாங்க."

உதவி என்று நினைத்து நான் கொடுத்தது, அவள் கையில் இருந்த இரண்டு நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துக்கொள் என்று மூன்று பாஷையிலும் சொல்லத் தெரியும். ஒன்றிலும் சொல்ல வாய் வரவில்லை. அவளே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறு சோதனைக்கு முந்தின நாள் மேடம் போன் செய்தார். மணி அடிக்க ஆள் வேண்டுமாம்.

"நானா மேடம்?"

"நீங்கதான். வெளிய நில்லுங்க. கடிகாரத்தப் பாருங்க. மணி அடிங்க. வேற ஒண்ணும் வேணாம்."

போனேன். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. உள்ளே நடப்பது தெரியும், கேட்காது. நோயாளியாக உட்கார்ந்தவர் காலேஜ் பக்கத்து ஊரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். வேறு வியாதி, வேறு ரகசியம். என்ன என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் அந்த மாணவன் போனான். இம்முறை உட்கார்ந்ததும் பேசாமல் முதலில் அந்த அம்மாவைப் பார்த்தான். எட்டு நிமிடத்தில் பாதி நேரம் அவன் தலையாட்டிக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவள் போனாள். நான் முதல் மணி அடித்தேன். பேசினாள், எழுதினாள், மறுபடி பேசினாள். நான்காவது நிமிடத்தில் அவள் உதடு நின்றுவிட்டது. பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள். எதிரில் இருந்த தையல்கார அம்மா மடியில் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிடம் போயிற்று. கடிகார முள்ளைப் பார்த்தால் ஓடுகிற மாதிரியும், அவளைப் பார்த்தால் நேரம் நின்றுவிட்ட மாதிரியும் இருந்தது. கதவைத் தட்டிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஆறாவது நிமிடத்தில் மணியை அடித்தேன். அந்தச் சத்தத்தில் அவள் தோள் ஒருமுறை துள்ளியது.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் பேனாவை மேஜையில் வைத்தாள். தாளைத் தள்ளி வைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு ஏதோ கேட்டாள். சின்னக் கேள்விதான், உதடு இரண்டு தரம்தான் அசைந்தது. தையல்கார அம்மாவின் முகம் மாறியது. அவர் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். நீள மணி அடிக்கப் பத்து நொடி தாமதமாகிவிட்டது. இருவருக்கும் சமமாக இருக்க வேண்டுமே என்று மேடத்திடம் ஓடிப்போய் அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குறித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் தேறினார்கள். அவளுக்குப் பேசுவதில் மதிப்பெண் சுமார்தான். கேட்பதில் முழு மதிப்பெண் என்று மேடம் சொன்னார். அன்றைக்கு அவள் என்னைக் கடந்து போனபோது என்னைப் பார்த்தாள், ஆனால் பேசவில்லை. அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

அடுத்த வருடமும் என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்துமாக்காரியாக, சர்க்கரை வியாதிக்காரியாக, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்த அம்மாவாக உட்கார்ந்தேன். எதிரில் ஒரு பிள்ளை வாயடைத்து உட்காரும்போது இப்போதும் எனக்குச் சொல்லிவிடத்தான் தோன்றும். செருப்புக்குள் கால் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு பேசாமல் இருப்பேன். ஏழாவது நிமிடத்தில் கேட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காமலே எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். நிறையப் பேசுகிற பிள்ளைகளின் கையை இப்போதெல்லாம் பார்க்கிறேன். பெரும்பாலும் அது கோட்டு நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டுதான் இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காரியத்துக்குக் கிருஷ்ணகிரி போய்விட்டு, ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடித்த வெள்ளைக் கோட்டு பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அவள்தான். இருவரும் ஒரே நேரத்தில் அடையாளம் கண்டுகொண்டோம். எழுந்து வேறு இடம் போய்விடுவாளோ என்று நினைத்தேன். அவள் டிக்கெட் வாங்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போட்டிருக்கிறார்களாம். "அங்க எட்டு நிமிஷம் எல்லாம் கெடையாது. பின்னாடி நிக்கிறவங்க அடிக்க வந்துடுவாங்க" என்றாள். "அதான் மருந்து குடுக்கிற எடத்துல நான் கேக்கறதில்ல. முன்னாடியே பெஞ்சுல ஒக்காந்திருப்பாங்க இல்ல, அங்க போய்ப் பக்கத்துல ஒக்காந்துக்குவேன். கன்னடக்காரங்க, தெலுங்குக்காரங்க எல்லாம் என்னத்தான் தேடுறாங்க."

"தெலுங்கு எப்பக் கத்துகின?"

"ஹாஸ்டல்ல. திட்டு வாங்கி வாங்கிக் கத்துகினேன்."

சூளகிரி தாண்டும்வரை ஆஸ்பத்திரிக் கதைதான். அன்றைக்கு நடந்ததை அவள் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். ஹைவே ஓரம் புதிதாகக் கட்டுகிற கம்பெனிச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே, "நான் அன்னிக்கி உங்கிட்ட மன்னிச்சிக்கனு சொல்லவே இல்லமா. சொல்லணும்னு இருந்தேன்" என்றேன்.

அவள் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. யோசித்தாள். "ரொம்ப நாள் உங்க மேல கோவமா இருந்தேன். அப்புறம் வார்டுல படுத்திருந்த ஒரு வயசான ஆயா ஊசிக்குப் பயந்து அழுதாங்க. உங்கள மாதிரியே எனக்கும் மனசு தாங்கல, 'ஊசி வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமா'னு வந்துச்சு. அப்பத்தான் உங்க நெனப்பு வந்துச்சு." சிரித்தாள். "ஊசி போட்டாங்க. நான் கையப் புடிச்சிகினு நின்னேன்."

அப்போது அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. யார் பக்கத்தில் என்று அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும். இவள் என்னைப் பற்றிச் சொன்னாள். முழுக் கதையையும் வீட்டில் முன்பே சொல்லியிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. போனை என்னிடம் கொடுத்தாள். காற்று இரைச்சலுக்கு நடுவில் அந்த அம்மா கன்னடத்தில் நலம் விசாரித்தார். ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொன்னார். இப்போது மட்டும் வர வேண்டாமாம், ராகி முற்றி நிற்பதால் சாயங்காலமானால் யானை இறங்குகிறதாம். அறுப்பு முடிந்ததும் வாருங்கள், புது ராகியில் களி கிண்டித் தருகிறேன் என்றார். கட்டாயம் வருகிறேன் என்று சொன்னேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவள் தளி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பைக்குக்குப் பின் டயர் மாற்ற வேண்டும், அந்தப் பக்கம் ரோடு எப்படி என்று தெரியவில்லை என்றார். மாற்றிவிட்டார். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறோம்.